வம்சாவளியும் எலும்பும்: பேராக் கரையில் சோழர் மரபு என்னும் கேள்வி

பேராக் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், வடக்கே பேராக் ஆற்றுக்கும் தெற்கே பெர்னாம் ஆற்றுக்கும் இடையே, மலாக்கா நீரிணையை நோக்கி நீண்டு கிடக்கும் தாழ்நிலமே பாகான் டத்தோ. 2017இல் தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, கண்டல் காடும் கடற்களிமண்ணும் சூழ்ந்த கரையாக இருந்து, வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்ட பின் தென்னைக்கும் ரப்பருக்கும், பிற்காலத்தில் செம்பனைக்கும் உரிய தோட்ட நிலமாக மாறியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இக்கரையின் பெருந்தோட்டங்களுள் ஒன்று. இங்குள்ள தமிழர் வரலாறு அத்தகைய தோட்டங்களிலிருந்தே வழக்கமாகத் தொடங்கப்படுகிறது. ஆயினும் விழா மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் வேறொரு தொடக்கமும் சொல்லப்படுவதுண்டு: 1025ஆம் ஆண்டளவில் கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் பேராக் கரையிலிருந்த கங்கா நகரத்தையும் வென்றான் என்றும், மலாய் அரச மரபிலேயே சோழக் குருதி ஓடுகிறது என்றும் அது கூறும்.

இக்கூற்றின் இரு பகுதிகளையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. படையெடுப்பு கல்வெட்டில் பதிவானது. குருதித் தொடர்போ மலாய் அரச வரலாற்று நூலில் எழுதப்பட்டது. பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் படிக்கும் கலை அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளதால், இத்தகைய வம்சாவளிகளை அறிவியல் கொண்டு சோதித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பும் எழுந்துள்ளது. அவ்வெதிர்பார்ப்பு எங்கு பொருந்தும், எங்கு பொருந்தாது என்பதை அறிய, இதே முயற்சி மிகப் பெரிய அளவில் நடந்த மங்கோலிய அரச குலத்தின் வழக்கையும், பேராக் அரச மரபின் எழுத்துச் சான்றையும் அருகருகே வைத்துக் காண வேண்டும்.

நூல் சொல்லும் வழி

‘செஜாரா மெலாயு’ என்று அறியப்படும் மலாய் அரச வரலாறு 1612இல் ஜொகூர் அரசவையில் துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு தொகுக்கப்பட்டது. மலாக்கா 1511இல் போர்த்துகீசியர் கையில் விழுந்து ஒரு நூற்றாண்டு கடந்த நிலையில், இழந்த தலைநகரின் பெருமையையும் அதன் வழிவந்த அரசர்களின் உரிமையையும் நிலைநாட்டுவதே அந்நூலின் நோக்கம். அதன் தொடக்கப் பகுதி, மாசிடோனிய அலெக்சாண்டரின் இஸ்லாமிய வடிவமான இஸ்கந்தர் சுல்கர்னைன் இந்திய மன்னன் ஒருவனின் மகளை மணந்ததில் தொடங்கி, அவ்வழியில் வந்த கலிங்க நாட்டு அரசர்கள் வரை இறங்கி வருகிறது. இவ்வரசர்களின் பெயர்கள் சூலான், சூரான் எனப் படிக்குப் படி மாறினாலும், சோழன் என்னும் பெயரின் எதிரொலி அவற்றில் கேட்கிறது என்பதை ஆய்வாளர் பலர் ஏற்பர். சில படிகள் அவ்வரசனின் நகரமாக நாகப்பட்டினத்தையே குறிக்கின்றன. அவன் பெரும்படையோடு கீழைத் திசையில் வந்து, பேராக்கின் டிண்டிங் பகுதியிலிருந்த கங்கா நகரத்து அரசன் லிங்கி ஷா ஜொகானைக் கொன்று நகரைக் கைப்பற்றுகிறான். அதன்பின் ஜொகூர்ப் பக்கத்து அரசன் ஒருவனை வென்று அவன் மகளை மணக்கிறான். அம்மரபில் வந்த ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டியில் கடலடிக்கு இறங்கி, அங்குள்ள அரசனின் மகளை மணந்து பெற்ற மக்கள் மூவரும் பலெம்பாங்கின் சிகுந்தாங் குன்றில் தோன்றுகின்றனர். அவர்களில் ஒருவனிடமிருந்தே மலாக்கா அரச மரபு கிளைக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலுள்ள ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்தோடு ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், நக்கவாரம் முதலிய இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. கங்கா நகரம் என்னும் பெயர் அவ்வரிசையில் இல்லை. படையெடுப்புக்குப் பின் சோழர் இக்கரையில் நிலையான ஆட்சி அமைத்ததற்கும் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஆகவே மலாய் நூலில் வரும் போர், ஆறு நூற்றாண்டுகளாக வாய்மொழியில் தங்கியிருந்த நினைவு புதிய அரசியல் தேவைக்கேற்ப வடிவம் பெற்றது என்று கொள்வதே பொருத்தம். வென்றவனைப் பகைவனாக விட்டுவைக்காமல் மூதாதையாக ஏற்றுக்கொண்டதில் அந்நூலின் அரசியல் நுட்பம் தெரிகிறது.

அந்த வம்சாவளி பேராக்கில் உயிரோடு இருந்தது. மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூத் ஷாவின் மகன் முஸாஃபர் ஷா 1528இல் பேராக் ஆற்றங்கரையில் தனி அரசை நிறுவியதாக மரபு கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பேராக்கை ஆண்டவரின் பெயரே சுல்தான் இஸ்கந்தர் சுல்கர்னைன். அவர் ஆட்சியைப் பாடும் ‘மிசா மெலாயு’ என்னும் நூலை இயற்றியவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சூலான். வம்சாவளியின் முதற்பெயரும் அதன் இந்தியப் பெயரும் ஒரே அரசவையில், ஒருவர் அரசராகவும் ஒருவர் புலவராகவும் அமர்ந்திருந்தன. 1875இல் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பின் செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்ட சுல்தான் அப்துல்லாவின் மகனும் ராஜா சூலான் என்றே பெயரிடப்பட்டார். கோலாலம்பூரின் ராஜா சூலான் சாலை அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

மங்கோலியர் வழக்கு

அரச உரிமையை ஒரே மூதாதையின் வழியில் கட்டிவைப்பது மலாய் உலகுக்கு மட்டும் உரியதன்று. செங்கிஸ் கான் 1227இல் இறந்த பின், மத்திய ஆசியாவில் கான் என்னும் பட்டத்தைச் சூட அவன் ஆண்வழி வந்திருத்தல் வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. அவ்வழியில் வராத தைமூர், செங்கிஸ் குலத்துப் பெண்ணை மணந்து ‘மருமகன்’ என்னும் பொருள்படும் ‘கூர்கான்’ பட்டத்தோடு அமைய நேர்ந்தது. முகலாய அரசை நிறுவிய பாபரும் தந்தைவழியில் தைமூரையும் தாய்வழியில் செங்கிஸ் கானையும் காட்டினார். இக்குலத்தின் ஆட்சி தமிழ்க் கல்வெட்டிலும் தடம் பதித்துள்ளது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, செகசை கான் என்று குப்லாய் கானைக் குறிப்பிட்டு, அவன் உடல்நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் அங்கே சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது.

மங்கோலிய உயர்குடிக் குடும்பங்களின் வழியை டி.என்.ஏ. கொண்டு தேடும் முயற்சி 2003இல் பெரும் கவனம் பெற்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் ஏறத்தாழ மாற்றமின்றி இறங்கும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்த குழு ஒன்று, பசிபிக் கரை முதல் காஸ்பியன் கடல் வரையுள்ள 16 மக்களிடையே, ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருப்பதைக் கண்டது. உலக ஆண்களில் இருநூறில் ஒருவர் என்று அது கணக்காயிற்று. அதன் பரவல் மங்கோலியப் பேரரசின் எல்லையோடு ஒத்திருந்ததும், அதன் வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு என மதிப்பிடப்பட்டதும், செங்கிஸ் வழி என்று தம்மைக் கூறிக்கொள்ளும் ஹசாரா மக்களிடம் அது மிகுந்திருந்ததும், அது செங்கிஸ் கானின் குடும்பத்துக்கு உரியது என்ற முடிவுக்கு அக்குழுவை இட்டுச் சென்றன. செங்கிஸ் கானின் கல்லறை கண்டறியப்படவில்லை என்பதால், நேரடியாக ஒப்பிட எலும்பு ஏதும் இல்லாமலே எட்டப்பட்ட முடிவு அது.

பிந்தைய ஆய்வுகள் இம்முடிவைத் தளர்த்தின. கிழக்கு மங்கோலியாவின் தவான் தோல்கோயில், 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உயர்குடிக் கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பொன்னணிகளோடு அடக்கம் செய்யப்பட்டிருந்த அவர்களுள் ஆண்களிடம் காணப்பட்டது அந்தப் புகழ்பெற்ற வகை அன்று, மேற்கு யூரேசியாவில் மிகுதியாகக் காணப்படும் ஆர்1பி என்னும் வேறொரு வகை. அடுத்து 2018இல், 292 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 18,000க்கும் மேற்பட்டோரின் தரவோடு, அந்த வகையின் குரோமோசோமை முழு நீளத்துக்கும் படித்த மற்றோர் ஆய்வு, அதன் பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. செங்கிஸ் கானுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய அந்த வகை, மங்கோலிய மொழி பேசிய சாதாரணக் குடிகளின் பரவலோடு பரவியது என்பதே அவ்வாய்வின் முடிவு. உலகெங்கும் செய்தியாகப் பரவிய அரச முத்திரை, படையில் சென்ற குதிரை வீரர்களுக்கும் மேய்ச்சல் குடிகளுக்கும் உரியதாயிற்று.

இவ்வழக்கில் எழுத்துச் சான்றே ஒரு முன்னெச்சரிக்கையை வைத்திருந்தது. 13ஆம் நூற்றாண்டின் ‘மங்கோலியரின் இரகசிய வரலாறு’, செங்கிஸ் கானின் குலமுதல்வன் போதோன்சர், அலான் கோவா என்னும் பெண்ணுக்கு அவள் கணவன் இறந்த பின், ஒளிவடிவில் வந்த ஒருவனால் பிறந்தவன் என்று கூறுகிறது. செங்கிஸின் மூத்த மகன் ஜோச்சி, தாய் மெர்கித் குடியினரால் கவரப்பட்டு மீட்கப்பட்ட பின் பிறந்தவன் ஆகையால், அவன் பிறப்பைத் தம்பி சகதாய் அவையிலேயே கேள்விக்குள்ளாக்குகிறான். ஜோச்சியின் வழியினரோ தங்க ஓர்டா என்னும் பெரும் அரசைப் பல தலைமுறைக்கு ஆண்டனர். குருதி ஐயத்துக்குரியதாக இருந்தும் உரிமை செல்லுபடியானது. அவ்வுரிமையைத் தந்தது அவை ஏற்ற வம்சாவளியே.

டி.என்.ஏ. எதைக் காட்டும்

மனிதனின் வம்சத்தைக் கூறும் டி.என்.ஏ. மூன்று வகையான சாட்சிகளைத் தருகிறது. ஒய் குரோமோசோம் தந்தை, தந்தையின் தந்தை என்ற ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டும். உயிரணுவின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிறு டி.என்.ஏ. வளையம் தாயிடமிருந்தே வருவதால், தாய், தாயின் தாய் என்ற மற்றோர் ஒற்றைக் கோட்டைக் காட்டும். மீதமுள்ள 22 இணைக் குரோமோசோம்கள் எல்லா மூதாதையரிடமிருந்தும் வருபவை என்றாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டப்பட்டுப் பாதி கைவிடப்படுவதால், பின்னோக்கிச் செல்லச் செல்லத் துண்டுகள் சிறுத்து மறைகின்றன. பதினைந்து தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 32,768 மூதாதை இடங்கள் உள்ளன. ஆனால் அவர் உடலிலுள்ள டி.என்.ஏ. அக்காலத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் துண்டுகளாக மட்டுமே வந்து சேர்கிறது. மூதாதையருள் மிகப் பெரும்பாலோர் எந்தத் துண்டையும் விட்டுச் செல்வதில்லை.

இதன் விளைவை மலாக்கா அரச குடும்பத்தின் ஒரு திருமணத்தில் தெளிவாகக் காணலாம். கலிங்க நாட்டுப் பஹாலியிலிருந்து வந்த மணி புரிந்தான் என்னும் பிரபு, மலாக்காவின் ஸ்ரீ நரதிராஜாவின் மகளை மணந்ததாகவும், அவர்களுக்குத் துன் அலி என்னும் மகனும் ஒரு மகளும் பிறந்ததாகவும், அம்மகளை சுல்தான் முஹம்மது ஷா மணந்து ராஜா காசிமைப் பெற்றதாகவும் ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. காசிமே பின்னர் முஸாஃபர் ஷா என்ற பெயரில் மலாக்காவை ஆண்டார். அவர் மகன் மன்சூர் ஷா, பேரன் அலாவுதீன், அடுத்தவர் மஹ்மூத், அவர் மகனே பேராக்கின் முதல் சுல்தான். அந்நூல் கூறுவது முழுவதும் உண்மை என்றே கொண்டால், இந்திய மணமகன் ஒருவர் பேராக் அரச மரபின் நேர் மூதாதை ஆகிறார். ஆயினும் அவருடைய ஒய் குரோமோசோம் துன் அலியின் வழியில் அமைச்சர் குடும்பத்துக்குச் சென்றது. அரச குடும்பத்துக்கு வரவில்லை. காசிமின் தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவோ மலாக்காப் பெண்ணாகிய பாட்டியுடையது. அதுவும் காசிம் ஆண் என்பதால் அவரோடு நின்றது. மீந்த குரோமோசோம்களில் மகளுக்குப் பாதி, காசிமுக்குக் கால், மன்சூருக்கு எட்டில் ஒன்று, அலாவுதீனுக்குப் பதினாறில் ஒன்று, மஹ்மூதுக்கு முப்பத்திரண்டில் ஒன்று என இறங்கி, பேராக்கின் முதல் சுல்தானை அடையும்போது சராசரியாக அறுபத்து நான்கில் ஒரு பங்கே எஞ்சும். வம்சாவளியில் ஐயமற்ற மூதாதையாக எழுதப்பட்ட ஒருவர், எந்தச் சோதனையிலும் அகப்படாமல் போவது இவ்வாறு இயல்பாகவே நிகழும்.

மறுபுறக் கணக்கும் உண்டு. ராஜேந்திரனின் காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையே முப்பதுக்குக் குறையாத தலைமுறைகள் உள்ளன. முப்பது தலைமுறைக்கு முன் ஒருவருக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட மூதாதை இடங்கள் கணக்கில் வருகின்றன. அன்று அத்தனை பேர் உலகிலேயே இல்லை என்பதால், ஒரே முன்னோர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகின்றனர். அக்காலத்தில் பிள்ளை பெற்று வழி தழைத்த மன்னனும் உழவனும் குயவனும் இன்றைய பெருந்தொகை மக்களுக்கு ஒருங்கே முன்னோர் ஆகின்றனர். சோழன் வழி வந்தவர் என்ற கூற்று ஒருவருக்கு உண்மையாக இருக்கும்போதே அவர் அண்டை வீட்டாருக்கும் உண்மையாகிவிடுவதால், தனி உரிமை எதையும் அதிலிருந்து பெற இயலாது.

பேராக் மண்ணில் எஞ்சியவை

தொன்மை டி.என்.ஏ. கிடைப்பது மண்ணையும் வெப்பத்தையும் பொறுத்தது. இறந்த உடலில் டி.என்.ஏ. சிறு துண்டுகளாக உடைந்து, துண்டுகளின் முனைகளில் வேதிமாற்றம் அடைகிறது. வெப்பமும் ஈரமும் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. மங்கோலியாவின் குளிர்ந்த வறண்ட மேட்டில் பல நூற்றாண்டு தாங்கும் மூலக்கூறு, ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலாய்த் தீபகற்பத்தில் அரிதாகவே தப்புகிறது. உள்காதைச் சூழ்ந்த கடினமான எலும்பிலும் பற்களிலும் அது ஓரளவு பாதுகாப்பாக இருப்பதை அறிந்த பின்னரே வெப்ப மண்டல எலும்புகளைப் படிப்பது கைகூடியது.

பெர்னாம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் வடக்கே சுங்கை, சங்காட் மெந்திரி ஆகிய இடங்களிலும் கருங்கற் பலகைகளைப் பெட்டிபோல் அடுக்கிக் கட்டிய இரும்புக்காலக் கல்லறைகள் உள்ளன. ஐவர் எவன்ஸும் அவருக்குப் பின் கோலிங்ஸும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றை அகழ்ந்தபோது மணிகளும் மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. எலும்புகளை அமில மண் கரைத்துவிட்டிருந்தது. பாகான் டத்தோவுக்கு மிக அருகிலுள்ள பழைய கல்லறைகளான இவற்றில் அடங்கியோர் யார் என்று கூற டி.என்.ஏ.வுக்கு வழியில்லை. பிடோரில் 1936இல் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எண்கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை, இந்தியச் சமயம் இப்பள்ளத்தாக்கில் வழிபாட்டிலிருந்ததைக் காட்டுகிறது. வழிபட்டவரின் பிறப்பைச் சிலை சொல்லாது.

வடக்கே மாத்தாங் கண்டல் காட்டினுள் உள்ள கோலா செலின்சிங் இன்னும் நெருங்கிய சான்றைத் தருகிறது. பாகான் டத்தோவை ஒத்த சேற்றுக் கரையில், சிப்பிக் குவியல்களின் மேல் மக்கள் வாழ்ந்து மணி செய்த அவ்விடத்தில், எவன்ஸ் கண்டெடுத்த சிவந்த கார்னீலியன் முத்திரைக் கல் ஒன்றில் பல்லவ எழுத்தையொத்த எழுத்தில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் எதிர்ப்புறமாக வெட்டப்பட்டுள்ளது. அதே இடத்தில் ஓடம்போல் குடைந்த மரத்தில் இறந்தோர் கிடத்தப்பட்டிருந்தனர். முத்திரையின் உடையவன் கடல் கடந்து வந்த வணிகனாகவும் இருக்கலாம், இந்தியப் பெயரைச் சூடிய உள்ளூர்த் தலைவனாகவும் இருக்கலாம். பெயரும் பிறப்பும் ஒன்றாக வேண்டியதில்லை என்பதற்கு ராஜா சூலான்களே சான்று.

டி.என்.ஏ. வெற்றியோடு படிக்கப்பட்ட தீபகற்ப எலும்பு கிளந்தான் மாநிலத்து குவா சா குகையைச் சேர்ந்தது. 2018இல் வெளியான ஆய்வு, அங்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கமான ஒருவர், லாவோஸின் எண்ணாயிரம் ஆண்டுப் பழைய வேட்டைக் குடியினர் ஒருவரோடும், இன்றைய அந்தமானின் ஓங்கே மக்களோடும் நெருங்கியவர் என்று காட்டியது. மேல் பேராக்கின் காடுகளில் வாழும் ஜெஹாய் முதலிய செமாங் பூர்வகுடிகள் இப்பழங்குடியின் தொடர்ச்சி. தென்னிந்திய மக்களின் மிகப் பழைய கூறும் ஓங்கே மக்களோடு தொலைதூர உறவுடையது என்பதை 2009 முதல் வந்த ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஆகவே தமிழருக்கும் பேராக் பூர்வகுடிகளுக்கும் இடையே உள்ள மிகப் பழைய உறவு, சோழருக்குப் பல பதினாயிரம் ஆண்டு முந்தையது. பேராக்கின் வாய்மொழி மரபும் இக்குடியை மறக்கவில்லை. வெள்ளைக் குருதி உடைய செமாங் பெண்ணை மணந்த நக்கோடா காசிமின் கதை பேராக் அரசின் தோற்றக் கதைகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

அங்கோர் போரெய்ச் சிறுவன்

வந்தவன் ஒருவன் உள்ளூர்ப் பெண்ணை மணந்து அரச மரபைத் தொடங்குவது தென்கிழக்கு ஆசியக் கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் அமைப்பு. கம்போடியாவின் பழைய ஃபூனான் அரசைப் பற்றிய மரபும், கௌண்டின்யன் என்னும் அந்தணன் சோமா என்னும் நாக அரசியை மணந்ததில் தொடங்குகிறது. இக்கதையின் களமான மேகாங் கழிமுகத்து அங்கோர் போரெயில், வாட் கொம்நூ இடுகாட்டில் அடக்கமான ஒரு சிறுவனின் டி.என்.ஏ. முடிவு 2022இல் வெளிவந்தது. கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் மூன்றாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அச்சிறுவனின் மரபில் நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு தெற்காசியாவிலிருந்து வந்தது. மீதி உள்ளூர் மக்களுடையது.

இந்த முடிவு கௌண்டின்யனை மெய்ப்பிக்கவில்லை. தெற்காசியர் அக்காலத்திலேயே அங்கு வந்து குடும்பம் நடத்தினர் என்பதையும், அவர்களின் பிள்ளைகள் உள்ளூர் இடுகாட்டிலேயே அடங்கினர் என்பதையும் அது காட்டுகிறது. அரச கதை ஒரே திருமணமாகச் சுருக்கியதை எலும்பு பல குடும்பங்களின் வாழ்க்கையாக விரித்துக் காட்டுகிறது. இக்கால மலாய் மக்களின் டி.என்.ஏ.யிலும் தெற்காசியக் கூறு ஒன்று, ஆஸ்திரோனேசியக் கூறுகளோடும் கிழக்காசியக் கூறோடும் கலந்து காணப்படுகிறது. அது சேர்ந்த வழியைத் தேடுவோர் 1025இன் கப்பற்படையை மட்டும் பார்ப்பது போதாது. தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் காவலில் ஒரு குளம் ஒப்படைக்கப்பட்டதைக் கூறும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும், சுமத்ராவின் பாரூஸில் 1088இல் ஐந்நூற்றுவர் பொறித்த கல்வெட்டும், தலைமுறை தலைமுறையாக வந்து தங்கிய வணிகக் குழுக்களின் சுவடுகள். மணி புரிந்தானின் திருமணம் அந்த நெடும் போக்குவரத்தின் மேல்தட்டில் நடந்ததால் எழுத்தில் ஏறியது; மாலுமிகளும் கைவினைஞரும் செய்த மணங்கள் எழுத்தில் ஏறவில்லை.

தோட்டத்தார்க்கு என்ன வம்சாவளி

மலாய் நூல் சோழ மன்னனின் நகராகக் குறிக்கும் நாகப்பட்டினமே, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகள் கப்பலேறிய துறையும் ஆகும். 1006ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜய மன்னனின் பெயரில் சூடாமணி விகாரம் எழுந்ததும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை ராஜராஜன் அளித்ததும் அதே ஊரில்தான். அங்கிருந்த கூலி முகாமில் பதிவான ஆண்களும் பெண்களும் பினாங்கில் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமைக் கடந்து, கங்காணியின் பின்னே பேராக்கின் தோட்டங்களுக்கு வந்தனர். இந்திய அரசு 1938இல் கூலி ஆட்சேர்ப்பைத் தடை செய்யும் வரை இது நீடித்தது. பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்துக் கொப்பறை காயவைத்தோரும், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியோரும் அவ்வழி வந்தவர்களே.

இவர்களுக்கு அரசவை வம்சாவளி எழுதவில்லை. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, சம்பளக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, கோயில் திருவிழா வரிப் பட்டியல், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவையே இவர்களின் குடி வழியைக் கூறும் ஏடுகள். வரலாற்று நோக்கில் அவை ‘செஜாரா மெலாயு’வுக்குத் தாழ்ந்தவை அல்ல, ஒருவகையில் நம்பகமானவை, ஏனெனில் உரிமை நாட்டும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, மக்கள் தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்த கடந்த அரை நூற்றாண்டில் இவ்வேடுகள் விரைவாக அழிந்துவருகின்றன. வெப்பமண்டல மண்ணில் எலும்பு அழிவதைவிட வேகமாகவே.

மங்கோலியர் வழக்கிலிருந்து பேராக் கரைக்குக் கிடைக்கும் பாடம் இதுவே: வம்சாவளி ஒரு மன்னனைத் தேடுகிறது, டி.என்.ஏ. ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது. முன்னதற்குப் பின்னதைச் சான்றாக நிறுத்தினால், 2003இன் முடிவு 2018இல் கலைந்ததுபோல் எந்நேரமும் கலையலாம். பேராக் அரச மரபுக்கு எலும்பின் சான்று தேவையுமில்லை. அதன் உரிமை ஐந்து நூற்றாண்டு ஆட்சியாலும் மக்கள் ஏற்பாலும் அமைந்தது, அதன் சுல்தான்களின் கல்லறைகள் தோண்டுதற்கு உரியவையும் அல்ல. தமிழருக்கும் இந்நாட்டில் தம் இடத்தை நிறுவச் சோழக் குருதி தேவையில்லை. கண்டல் கரையில் மணி செய்தவர், குளம் காத்த வணிகக் குழுவினர், மலாக்காவில் பெண் கொண்டவர், வாய்க்கால் வெட்டித் தென்னை நட்டவர் எனத் தொடரும் பெயரற்ற பெருங்கூட்டத்தின் வரலாறே இக்கரையில் தமிழருக்கு உரிய வரலாறு. அதில் கோலா செலின்சிங்கின் மணிகளுக்கும் ஜெண்டராட்டாவின் செக்ரோலுக்கும் சம மதிப்பு உண்டு.